மெஷினுக்கு வருவதற்கு முன்னால்

டயாலிசிஸ் யூனிட்டில் முதல் வேலை எடை பார்ப்பது. செருப்பைக் கழற்றச் சொல்லி எடை மெஷினில் ஏற்றுவோம். போன முறை கிளம்பியபோது இருந்ததைவிட 3 கிலோ கூடியிருந்தால் அது சதை இல்லை, தண்ணீர். சிறுநீரகம் பழுதானதால் வெளியே போக வழியில்லாமல் உடம்பிலேயே தங்கிவிட்டது. "ரெண்டு டம்ளர்தான் தம்பி குடிச்சேன்" என்பார்கள். மெஷின் வேறு கணக்குச் சொல்லும். நான் மேற்கொண்டு கேட்பதில்லை. தாகம் எடுத்தால் குடிக்கிறவன் அவர்களிடம் என்னத்தைப் பேசுவது?

டெக்னீஷியனாகச் சேர்ந்த புதிதில் எனக்கு ரத்தத்தைச் சுத்தம் செய்யும் டயாலிசிஸ் மெஷின்தான் எல்லாம். வாரம் 3 முறை, முறைக்கு 4 மணி நேரம். ஒருவருக்கு ஒரு முறை செய்து முடிப்பதற்குள் வடிகட்டிக்குள் ரத்தத்தின் கழிவை வாங்கிக்கொள்ளும் திரவம் சுமார் 120 லிட்டர் ஓடிவிடும். இதை வருகிறவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லுவேன்.

அவர்களில் பாதிப்பேர் கழுத்தில் கதீட்டரோடு வருகிறவர்கள். மூச்சு முட்டி, ராத்திரியோடு ராத்திரியாக அவசரப் பிரிவுக்குத் தூக்கி வந்து, குழாயைப் போட்டு உயிரைக் காப்பாற்றியிருப்பார்கள். அந்த நேரத்தில் யாரும் எதையும் தேர்ந்தெடுப்பதில்லை. கையில் ஃபிஸ்டுலா, அதாவது தமனியையும் சிரையையும் இணைக்கும் சின்ன ஆபரேஷன், செய்துகொள்வதுதான் நல்லது. ஆனால் அந்தச் சிரை தடித்து ஊசி தாங்கவே 6 வாரத்துக்கு மேலாகும், சிலருக்கு 3 மாதம்கூட. தேவைப்படுவதற்குப் பல மாதம் முன்பே பேச்சை எடுத்தால்தான் முடியும். எடுத்தால் ஆள் பயந்துவிடுவார் என்று வீட்டில் தள்ளிப்போடுகிறார்கள். அப்புறம் கழுத்துக் குழாயில் கிருமி புகுந்து, குளிர்காய்ச்சலில் கட்டிலே ஆடும்போது என்னைப் பார்ப்பார்கள்.

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் என்னிடம் 8 மாதமாக வந்துகொண்டிருந்தார். ஒருநாள் ஊசி குத்தும்போது கேட்டார்: "வீட்டிலேயே வயிற்று வழியா செய்யலாமாமே தம்பி? நீங்க சொல்லவே இல்லையே?"

எனக்குத் தெரியும். டாக்டர் சொல்லியிருப்பார் என்று இருந்துவிட்டேன். டாக்டரும் ஒருவேளை சொல்லியிருக்கலாம், மூச்சு முட்டிக் கிடந்த அந்த முதல் ராத்திரியில்.

அன்றைக்கு 4 மணி நேரமும் அவர் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன். வயிற்றில் மெல்லிய குழாய் பொருத்துவார்கள். ஒரு தடவைக்கு சுமார் 2 லிட்டர் திரவத்தை உள்ளே விட்டு, சில மணி நேரம் வைத்து வடிக்க வேண்டும். தினமும் 3, 4 தடவை. இல்லாவிட்டால் ராத்திரி தூங்கும்போது மெஷினே மாற்றிவிடும். கை சுத்தமில்லை என்றால் வயிற்றுக்குள் கிருமி போய்விடும். லீவே கிடையாது. மாற்று சிறுநீரகத்தையும் கேட்டார். பொருந்தினால் அதைவிட நல்லது இல்லை, ஆனால் எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரையை விடாமல் சாப்பிட வேண்டும், நினைத்த நேரத்தில் நிறுத்த முடியாது என்றேன். பழைய சிறுநீரகங்களைப் பெரும்பாலும் எடுப்பதில்லை, புதியதை அடிவயிற்றில் வைப்பார்கள் என்றதும் சிரித்துவிட்டார். "அப்போ மூணு இருக்குமா?"

பிறகு குரலைத் தாழ்த்தி, எதுவுமே செய்யாமல் இருந்தால் என்றும் கேட்டார். அதுவும் ஒரு வழிதான். வலியையும் மூச்சுத் திணறலையும் குறைத்து, இருக்கும் நாட்களை வீட்டில் கழிப்பது. வயதும் வேறு நோய்களும் சேர்ந்தவர்கள் சிலர் யோசித்தே அதை எடுக்கிறார்கள். இதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. திக்கித் திணறித்தான் சொன்னேன்.

டாக்டரிடம் பேசி வயிற்று வழிக்கு மாறினார். சில வாரம் கழித்து யூனிட் பக்கம் எட்டிப் பார்த்தார். வடிந்த பையைப் பேப்பர் மேல் வைத்து எழுத்து தெரிகிறதா என்று பார்க்கிறாராம். கலங்கியிருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடி வர வேண்டும். "இன்னைக்குத் தலைப்புச் செய்தி பளிச்சுன்னு தெரிஞ்சுது தம்பி."

பழக்கதோஷத்தில் எடை மெஷினைக் காட்டினேன். அவரும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார்.