மேலிருந்து தெரிந்த வெள்ளை உருவங்கள்

2008இலிருந்து மூன்று வருடம் மட்டக்களப்பு கல்லடியில் மாமாவின் நெட் கடையில் நின்றேன். முன்பக்கம் வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளோடு கதைக்க வருகிற ஆட்களுக்கு. பின்பக்கம் ஒன்றோடொன்று லேன் வயரால் இணைத்த ஆறு கொம்பியூட்டரும் பெடியன்களுக்கு. அங்கே பொழுதன்றைக்கும் ஓடியது ஒரே கேம்தான்: 2007 நவம்பரில் வெளிவந்த ‘கோல் ஒஃப் டியூட்டி 4: மொடர்ன் வோஃபெயார்’. அந்தத் தொடரின் முதல் மூன்றும் இரண்டாம் உலகப் போரைப் பற்றியவை. இது இன்றைய காலத்துப் போரை எடுத்தது. எங்கள் பழைய மெஷின்களிலும் தடக்காமல் ஓடியது, கடைக்காரனுக்கு அது பெரிய விசயம்.

ஒரு துவக்கின் சத்தம் இன்னொன்றுக்கு வராது. மௌஸை அசைத்த கணமே கை சொன்னதைக் கேட்கும். இந்த இரண்டிலும் அதை மிஞ்சிய கேம் அப்போது எங்கள் கடையில் இருக்கவில்லை.

குழுவாக விளையாடும்போது, சாகாமல் தொடர்ந்து 3 பேரைச் சுட்டால் எதிரிகளைக் காட்டும் ரேடார், 5 பேரைச் சுட்டால் விமானக் குண்டு, 7 பேரைச் சுட்டால் ஹெலிகொப்டர். கெட்டிக்காரனுக்கு இது போதை. புதிதாக வந்தவனோ எழும்ப எழும்பச் செத்துக்கொண்டே இருப்பான். வென்றவன் கையிலேயே மேலும் பலத்தைக் கொடுக்கிற அமைப்பு இது. அதன் குறை எனக்குக் கல்லாப்பெட்டியில் தெரிந்தது: அரை மணித்தியாலத்தில் எழும்பிப் போன பெடியன் மறுபடி வரமாட்டான். அதனால் அணி பிரிக்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். காத்தான்குடியிலிருந்து வருகிற பெடியன்களையும் கல்லடிப் பெடியன்களையும் கலந்து, கெட்டிக்காரனோடு புதியவனைச் சேர்த்து விடுவேன். சாகும்போது கையிலிருந்து குண்டை விழுத்திவிட்டுச் சாகிற வசதியைக் கடையில் தடை செய்தேன். சண்டை பாதியாகக் குறைந்தது.

தனியாக விளையாடுகிற கதையில் ஒரு இடம் இன்றைக்கும் மனதில் நிற்கிறது. அணுகுண்டு வெடித்தபின், நாம் அதுவரை நடத்திவந்த சிப்பாய் விழுந்த ஹெலியிலிருந்து தவழ்ந்து வெளியே வருகிறான். எந்த பட்டனை அழுத்தியும் அவனைக் காப்பாற்ற ஏலாது, செத்துப்போகிறான். அந்த இடத்தில் பின்பக்க அறையே அமைதியாகிவிடும். ஆனால் அதே கேமில்தான், சூடு பட்டவன் மதிலுக்குப் பின்னால் சில வினாடி குந்தியிருந்தால் காயம் ஆறிவிடுகிறது. பல இடங்களில் நாம் முன்னேறும்வரை எதிரிகள் ஊற்றெடுத்தமாதிரி வந்துகொண்டே இருப்பார்கள், பொறுமையாகச் சுடுகிறவனுக்குப் பலன் இல்லை. தொடக்கக் காட்சியில் தெருவில் சனம் தெரியும். மறுகா நாம் சண்டை போடுகிற ஊர்களில் வீடுகள் பெரும்பாலும் வெறுமை. அடுப்படி இருக்கும், ஆள் இருக்காது.

2010இல் ஒருநாள் பின்னேரம், மகனைக் கூட்டிப்போக ஒரு அம்மா வந்தா. வாகரைக்கு வடக்கே கதிரவெளிப் பக்கம் அவவின் ஊர். 2006 நவம்பரில் பாடசாலையில் போருக்குப் பயந்து அடைக்கலம் இருந்த சனத்தின்மேல் பீரங்கிச் செல் விழுந்து 40 பேருக்கு மேல் செத்த இடம் அது. மகன் ஓடவிட்டிருந்தது ஏசி-130 என்ற, பீரங்கி பூட்டிய விமானத்திலிருந்து கீழே சுடுகிற மிஷன். சாம்பல் நிறத் திரை. உடம்புச் சூட்டால் மனிதர்கள் வெள்ளையாகத் தெரிவார்கள். சுடச்சொல்லும் குரல்களில் பதற்றமே இருக்காது.

“அந்த வெள்ளையா ஓடுறது ஆக்களா மனே?” என்று என்னைக் கேட்டா.

“ஓம் அம்மா.”

“மேலருந்து பாக்கக்குள்ள இப்பிடித்தானா தெரியும்?”

ஓம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தக் கேமில் மிகத் திறமையாகச் செய்த பகுதி அதுதான் என்று அதுவரை பெடியன்களிடம் சொல்லிவந்தவன் நான். இன்றைக்கும் அதை மறுக்கமாட்டேன். கீழேயுள்ள அலறல் மேலே கேட்காது என்பதை அது மறைக்கவில்லை. ஆனால் அதற்கு முந்தைய மிஷனை நினைத்துப் பார்த்தேன். அதில் நாம் கீழே, ஹெலி மேலே. இருட்டில் வயல்வெளியில் துரத்தும். கடைசியில் அதை விழுத்துகிற ஏவுகணை நம் கைக்கு வந்துவிடும். ஆயுதம் கையில் இல்லாமல், எப்போது போகும் என்று காதை வைத்துக்கொண்டு பங்கருக்குள் கிடக்கிற ஆளாக அந்தக் கேம் நம்மை ஒரு நிமிசமும் இருத்தவில்லை. எனக்கு அதுதான் அதன் பெரிய குறை. எங்கள் சனத்துக்குத் தெரிந்த போர் அதுதான்.

மிஷன் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் ஒரு சேர்ச் வந்தது. அம்மா விரலால் காட்டினா.

“அது கோயிலா?”

“ஓம். அதுக்குச் சுட ஏலாது அம்மா. சுட்டா மிஷன் தோல்வி, திரும்பத் தொடங்கணும்.”

அவ கதிரையை இழுத்து மகனுக்குப் பக்கத்தில் இருந்தா.

“அப்ப கிட்டவும் சுடாத மனே. உள்ளுக்கு ஆக்கள் இருப்பாங்க.”

அவன் குறியைச் சேர்ச்சை விட்டு விலக்கி, ரோட்டுப் பக்கம் கொண்டுபோனான்.