பாலைவனத்தில் பித்தளை பொறுக்குகிறவன்

கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தவர்களுக்குத் தெரியும். பாயிண்ட் டூ டூ ரைஃபிளில் ஐந்து ரவுண்டு சுட்டால் ஐந்து காலிக் கூடுகளையும் எண்ணித் திருப்பிக் கொடுக்க வேண்டும், ஒன்று குறைந்தால் அது கிடைக்கும்வரை மொத்தப் பேரும் வெயிலில் குனிந்து புல்லைத் துழாவ வேண்டியதுதான். அப்படிப் பழகி வந்தவன் அரிசோனாவில் ஊருக்கு வெளியே, ஆட்கள் வந்து சுட்டுப் பழகுகிற பொது நிலத்தில் வண்டியை நிறுத்தி இறங்கினால், கால் வைக்கிற இடமெல்லாம் யாரோ சில்லறையைக் கொட்டிவிட்டுப் போனதுபோலப் பித்தளை மின்னும். எடுக்கலாமா, எடுத்தால் யாராவது கேட்பார்களா என்று ஒன்றும் புரியாது.

நாங்கள் இருப்பது சாண்ட்லரில், பீனிக்ஸுக்குத் தென்கிழக்கே. சிப் கம்பெனி வேலைக்கு வந்த நம் ஆட்கள் நிறைய, அதனால் வார இறுதி என்றால் பிறந்தநாள் விழா, கோயில், கிரிக்கெட், மறுபடி பிறந்தநாள் விழா என்று போய்க்கொண்டிருக்கும். தமிழ் தவிர வேறு பேச்சே இல்லாமல் வருடக்கணக்கில் இங்கே இருந்துவிடலாம், இருக்கிறார்கள். எனக்கு அதைத் தாண்டி ஒரு வழி திறந்தது பக்கத்து வீட்டுக் கராஜ் வழியாக. அங்கே ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர், எழுபதைத் தாண்டியவர். கதவு எப்போதும் பாதி திறந்திருக்கும், உள்ளே மேசையில் கைப்பிடி வைத்த ஒரு பிரஸ், சுற்றிலும் காப்பி டப்பாக்கள், டப்பா நிறைய காலித் தோட்டாக்கள். பெயர் சொல்லிக் கூப்பிடு என்று அவர் சொல்லாத நாள் இல்லை, எனக்கு இன்றுவரை ‘சார்’தான் வருகிறது.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஒரு தோட்டாவில் நான்கு சாமான்: கூடு, அடியில் தீப்பொறி மூட்டும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு. சுட்டதும் குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும், பிரைமர் செத்துவிடும். பித்தளைக் கூடு மட்டும் கொஞ்சம் உப்பிப்போய் வெளியே விழும். பெரும்பாலும் நான்கில் விலை அதிகமானது அதுதான். அச்சில் விட்டு அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து மற்ற மூன்றையும் புதிதாக வைத்தால் மறுபடி, மறுபடி பயன்படும். இப்படித் தோட்டா கட்டுவதைத்தான் ரீலோடிங் என்கிறார்கள். 2020, 2021-இல் கடைகளில் தோட்டா அலமாரி காலியாகக் கிடந்தபோது, அதுவரை கூட்டைக் காலால் தள்ளிவிட்டுப் போனவர்கள்கூடக் குனிய ஆரம்பித்தார்கள். இவர் அதற்கு முன்பிருந்தே குனிகிறவர். 1906-இல் அமெரிக்க ராணுவத்துக்கு வந்த தெர்ட்டி-ஆட்-சிக்ஸ் (.30-06) தோட்டா ரகத்தைத்தான் மான் வேட்டைக்கு வைத்திருக்கிறார், அந்தக் கூடு தரையில் அவ்வளவாகக் கிடைப்பதில்லை, கண்டால் குழந்தைபோல ஆகிவிடுவார்.

“நீயும் வா, குனிய உனக்கு வயசு இருக்கு” என்று அவர் கூப்பிட்டபோது நான் ஹெச்-1பி விசாவில் இருந்தேன். இங்கே கொஞ்சம் நிறுத்திக் கவனியுங்கள், நம்மில் பலருக்கு இது தெரியவில்லை. சுற்றுலா, வேலை மாதிரியான தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி மட்டுமல்ல, தோட்டாவும் வைத்திருக்கக் கூடாது என்பது கூட்டாட்சிச் சட்டம். முறையான வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. அந்தச் சட்டம் ‘தோட்டா’ என்பதற்குத் தரும் விளக்கத்தில் முழுத் தோட்டா மட்டுமில்லை, பிரைமர், குண்டு, மருந்து, கூடு எல்லாம் தனித்தனியாக அடக்கம். சுட்டு முடித்த கூட்டுக்கும் அது பொருந்துமா என்று வழக்கறிஞர்கள் வாதாடிக்கொள்ளட்டும், விசா முத்திரையை வைத்து அதைச் சோதித்துப் பார்க்க எனக்கு ஆசையில்லை. கிரீன் கார்டு கைக்கு வரும்வரை அவர் பொறுக்குவார், நான் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு பாம்பு பார்ப்பேன். உங்கள் நிலைமை என்ன என்று குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுக்கொண்டு பிறகு இறங்குங்கள். சொந்த உபயோகத்துக்குத் தோட்டா கட்ட இங்கே உரிமம் வேண்டாம், விற்பதற்காகக் கட்டினால் வேண்டும்.

பொறுக்குவதற்கும் ஒரு மரியாதை இருக்கிறது. பக்கத்தில் சுடுகிறவரின் காலடியில் கிடப்பதைக் கேட்காமல் தொடக் கூடாது. அவரும் ரீலோடிங் செய்கிறவராக இருக்கலாம், வீட்டுக்குப் போகும்போது தானே எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டு வைத்திருப்பார். “உங்க பிராஸை வெச்சுக்கப் போறீங்களா?” என்று கேட்டால் போதும். பத்தில் எட்டுப் பேர் அள்ளிக்கொண்டு போ என்பார்கள், கூடவே பத்து நிமிடம் பேசவும் செய்வார்கள். ஆபீசில் ‘வீக்கெண்ட் எப்படிப் போச்சு’ என்பதைத் தாண்டாத எனக்கு இந்த ஒரு கேள்வியில் வெல்டர், பள்ளி ஆசிரியை, நவஹோ பழங்குடியினரின் தன்னாட்சிப் பகுதியிலிருந்து வந்திருந்த தாத்தா-பேரன் என்று எத்தனையோ பேர் பழக்கமானார்கள். கட்டணம் வாங்கும் ரேஞ்சுகளில், அதாவது சுட்டுப் பழகும் மைதானங்களில், சட்டம் வேறு. சிலவற்றில் சுடுகிறவர்கள் நிற்கும் கோட்டுக்கு முன்னால் விழுந்தது ரேஞ்சுக்கே சொந்தம், சிலவற்றில் நீ சுட்டது மட்டும் உன்னுடையது. எங்கே ஆனாலும் சுடுவதை எல்லோரும் நிறுத்திக் கோடு ‘கோல்ட்’ (cold, துப்பாக்கிகள் ஓய்ந்துவிட்டன) என்று அறிவிக்கும்வரை முன்னால் ஒரு அடி வைக்கக் கூடாது, கூடு தங்கத்தில் இருந்தாலும் சரி.

பாலைவனத்தில் கோடை நாளில் காலை எட்டு மணிக்குமேல் வேலை ஆகாது, கூட்டைக் கையால் தொட முடியாது. நல்ல சமயம் மழைக்கு அடுத்த நாள். ஆமாம், இங்கேயும் மான்சூன் உண்டு, ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரை. ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்தால் மண் அரித்துப்போய்ப் பழைய கூடெல்லாம் மேலே வந்துவிடும். தரையில் கிடக்கும் அட்டைப்பெட்டியைக் கையால் தூக்காதீர்கள், அடியில் தேள் இருக்கும். சோயா (cholla) என்கிற முள்கள்ளி காலில் ஒட்டினால் சீப்பால்தான் எடுக்க வேண்டும். ஏஆர்-15 மாதிரியான ரைஃபிள்கள் கூட்டை வலப்பக்கம் பின்னால் வீசும், அதனால் சுட்டவர் நின்ற இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் எங்கே தேடுவது என்று தெரிந்துவிடும்.

தரம் பிரிப்பதுதான் உண்மையான வேலை. முதலில் காந்தம்: ஒட்டினால் இரும்புக் கூடு, ஒதுக்கு. அடுத்து உள்ளே டார்ச் அடித்துப் பார்: அடியில் நடுவே ஒரு துளை இருந்தால் நல்லது, இரண்டு குட்டித் துளை இருந்தால் அது பெர்டன் வகை, பிரைமரைத் தள்ளும் ஊசியை உடைத்துவிடும். அடித்தட்டில் எல்சி (LC) என்ற எழுத்து, வருடத்தின் கடைசி இரண்டு எண்கள், வட்டத்துக்குள் கூட்டல் குறி இருந்தால் மிசௌரி மாநிலத்து லேக் சிட்டி ராணுவத் தோட்டாத் தொழிற்சாலையில் செய்தது. அதில் பிரைமரைச் சுற்றி அழுத்திய வளையம் கலையாமல் இருந்தால் ஒரே ஒருமுறை சுட்டது என்று அர்த்தம், இதைத்தான் எல்லோரும் தேடுவார்கள். கடைசியாக ஒரு பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி நுனியை மட்டும் வளைத்து உள்ளே விட்டுச் சுவரோரமாக மேலே இழுக்க வேண்டும். அடிக்குக் கொஞ்சம் மேலே நுனி எங்காவது தட்டி நின்றால் அங்கே பித்தளை மெலிந்துவிட்டது, அடுத்த முறை சுடும்போது கூடு இரண்டாகப் பிய்ந்து முகத்துக்குப் பக்கத்தில் அழுத்தம் வெளியேறலாம். யோசிக்காமல் குப்பையில் போட்டுவிடுங்கள். சுடாத தோட்டா கிடந்தால் பையில் போடாமல் ரேஞ்ச் ஆளிடம் சொல்லுங்கள்.

லேக் சிட்டி கூட்டின் கழுத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு நிறம் படிந்திருக்கும். தீய்ந்துபோனது என்று நினைத்து ஒதுக்கிவிடுகிறார்கள், அது சூடுகாட்டிப் பதப்படுத்திய அடையாளம். அதற்குப் பின்னால் இருப்பது நம் ஊர்க் கதை. வெள்ளைக்காரன் காலத்து இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரைலாயங்களில் அடுக்கிய தோட்டாக்களின் கூடுகள் சும்மா இருக்கும்போதே விரிசல் விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து வரும் அமோனியாவும் ஈரமும், இழுத்து உருவாக்கிய பித்தளைக்குள் அடங்கியிருந்த இறுக்கமும் சேர்ந்து செய்த வேலை அது என்று 1921-இல்தான் விளங்கவைத்தார்கள். சூடுகாட்டினால் அந்த இறுக்கம் தளரும். அமோனியா கலந்த பாலிஷ் போட்டுக் கூட்டைத் துலக்காதே என்று பக்கத்து வீட்டுக்காரர் அடித்துச் சொல்வதற்கும் காரணம் அதுதான். அவருக்கு இந்தியா சங்கதி தெரியாது, நான் சொன்னதிலிருந்து வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

அவர் கழுவுவது எலுமிச்சை உப்பும் பாத்திர சோப்பும் போட்டு, எஃகு ஊசிகளோடு உருளையில் சுற்ற விட்டு. புளி போட்டுத் தேய்த்தால் போதாதா என்று கேட்டேன், ஒரு கைப்பிடி கொடுத்தும் பார்த்தேன், பளபளவென்று வந்தது. ஆனால் என் மனைவி கறாராகச் சொல்லிவிட்டாள்: “என்னங்க, அந்தப் புளியும் சரி, அந்தச் சல்லடையும் சரி, இனி அடுக்களைப் பக்கம் வரக்கூடாது.” நியாயம்தான், பிரைமர் கரியில் ஈயம் இருக்கிறது. கழுவுவது வெளியே, கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் ஒரு முறுக்குகூடக் கிடையாது. செருப்பை வாசலில் விடும் நம் பழக்கம் இதற்கு ரொம்பத் தோதாக இருக்கிறது.

கடைசியாக ஒன்று. ரேஞ்சுக்குக் கொண்டுபோகிற பையை ஒருபோதும் ஊருக்கு எடுத்துப் போகாதீர்கள். பையின் மூலையில் மறந்துபோன ஒரு தோட்டாவுக்காக இந்திய விமான நிலையங்களில் 1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் வழக்காகிற செய்தி அடிக்கடி வருகிறது. தெரிந்தே வைத்திருந்தாரா என்று பார்த்து நீதிமன்றங்கள் பல வழக்குகளை ரத்து செய்கின்றன, ஆனால் அதற்குள் லீவு முடிந்து, டிக்கெட் போய், வேலைக்கும் ஆபத்து வந்துவிடும். பை மட்டுமல்ல, சட்டைப் பையும் பேண்ட் மடிப்பும் பாருங்கள். பாயிண்ட் டூ டூ கூடு அரிசி அளவுக்கு இல்லாவிட்டாலும் மடிப்புக்குள் ஒளிந்துகொள்ளும் அளவுக்குச் சின்னதுதான்.