ஆறு அங்குல ஓட்டைக்கு அசோசியேஷனோடு மல்லுக்கட்டு

அடுக்குமாடிக் குடியிருப்பில் வீட்டுக் காற்றைச் சரிசெய்யக் கிளம்புகிறவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏர் ப்யூரிஃபையர் வாங்குவது ஒரு சாயங்கால வேலை. சமையலறைச் சுவரில் ஆறு அங்குலத்துக்கு ஓர் ஓட்டை போட அனுமதி வாங்குவதற்குள்தான் தாவு தீர்ந்துவிடும்.

வேளச்சேரிப் பக்கம் எங்கள் ஃபிளாட். மகளுக்கு ராத்திரியானால் இருமல், வீசிங். நெபுலைசர் வைத்து, இன்ஹேலரும் எழுதிக் கொடுத்த டாக்டர், "வீட்ல என்னென்ன எரிக்கிறீங்க?" என்று கேட்டார். கொசுவத்தி, சாம்பிராணி, ஊதுபத்தி, கேஸ் அடுப்பு என்று வரிசையாகச் சொன்னேன். சுவரில் ஈரம், பூஞ்சை ஏதாவது உண்டா என்றார். அதுவும் உண்டு. "மருந்து நான் தரேன். இதெல்லாம் நீங்கதான் பாக்கணும்" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

கொசுவத்தி அன்றைக்கே நின்றது. ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் 75 முதல் 137 சிகரெட் அளவுக்கு நுண்துகளை விடுகிறது என்று 2003இல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. படித்துக் காட்டியதும் என் கணவரே மிச்சமிருந்த பாக்கெட்டைக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டார். ஜன்னல்களுக்கு வெல்க்ரோ வைத்த கொசுவலை அடித்தாயிற்று. சாம்பிராணிதான் கொஞ்சம் இழுத்தது. "குழந்தைக்குத் தலை காய வைக்கிறதே சாம்பிராணிப் புகையிலதான், யாருக்கு என்ன ஆச்சு?" என்றார் மாமியார். கடைசியில் ஓர் உடன்படிக்கைக்கு வந்தோம்: வெள்ளிக்கிழமை ஒரே ஒரு கம்ப்யூட்டர் சாம்பிராணி, பால்கனிக் கதவு திறந்திருக்க வேண்டும், குழந்தை பாட்டு கிளாஸிலிருந்து வருவதற்குள் முடித்துவிட வேண்டும். இன்றுவரை அவர் மீறவில்லை. ஊதுபத்தி பற்றி மட்டும் நாங்கள் இருவரும் பேசுவதில்லை.

அப்புறம் மீட்டர். எது எவ்வளவு கெடுக்கிறது என்று தெரியாமல் காசை இறைக்க மனம் வரவில்லை. பிஎம் 2.5 (காற்றில் மிதக்கும் நுண்துகள்), கார்பன் டை ஆக்சைடு, ஃபார்மால்டிஹைடு எல்லாம் காட்டும் என்று ஆன்லைனில் மலிவாக ஒன்று கிடைத்தது. மூன்று பேர் கதவைச் சாத்தி ஏசி போட்டுத் தூங்கி எழுந்த அறையில் கார்பன் டை ஆக்சைடு 450 என்று காட்டியது. அடேயப்பா, நம் வீடு ஊட்டி மாதிரி இருக்கிறதே என்று நினைப்பதற்குள் கணவர் டியோடரண்ட் அடித்தார்; எண் 4,000த்துக்குத் தாவியது. விஷயம் இதுதான்: கார்பன் டை ஆக்சைடை அளக்கும் சென்சாரே அதற்குள் கிடையாது. சென்ட், சானிடைசர், பெயின்ட் போன்றவற்றின் ஆவியை மோப்பம் பிடித்து, அதை வைத்து உத்தேசமாக ஓர் எண்ணைப் போடுகிறது. விற்றவரோ "ப்ராடக்ட் கரெக்டா வேலை செய்யுது மேடம்" என்பதையே திருப்பித் திருப்பிச் சொன்னார். டியோடரண்ட், மீட்டர், ஏறுகிற எண் மூன்றும் ஒரே வீடியோவில் தெரிகிற மாதிரி எடுத்து அனுப்பிய பிறகுதான் பணம் வந்தது. நீங்கள் வாங்கினால், அகச்சிவப்பு ஒளியை வைத்து கார்பன் டை ஆக்சைடை நேரடியாக அளக்கும் என்டிஐஆர் (NDIR) சென்சார் என்று தெளிவாகப் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். CO2வுக்கு முன்னால் சின்னதாக ஓர் ஆங்கில 'e' எழுத்து ஒட்டிக்கொண்டிருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

நல்ல மீட்டரை என் தம்பி ஆபீஸிலிருந்து ஒரு சனி, ஞாயிறுக்குக் கொண்டுவந்து கொடுத்தான். விடிகாலையில் படுக்கையறையில் கார்பன் டை ஆக்சைடு 2,000 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற அளவு) மேல். பால்கனியில் 430. ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே எடுப்பதில்லை. அறையில் இருப்பதையே சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கிறது, நாம் விட்ட மூச்சையே நாம் இழுக்கிறோம். ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்து வைத்துப் படுத்ததில் மறுநாள் 1,100க்கு வந்துவிட்டது. கரண்ட் பில் கொஞ்சம் ஏறும், ஏறட்டும்.

ஆனால் வயிற்றைக் கலக்கியது சமையலறை. மோர்மிளகாய் வறுத்தபோது பிஎம் 2.5 அளவு 600ஐத் தாண்டியது. அதுவும் சிம்னி ஃபுல் ஸ்பீடில் ஓடிக்கொண்டிருக்கும்போதே. நம் நாட்டுத் தரநிலை 24 மணி நேரச் சராசரிக்கு, ஒரு கன மீட்டர் காற்றில் 60 மைக்ரோகிராம் என்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் அதையே 15 என்று வைத்தது. சில நிமிட உச்சத்தை நாள் சராசரியோடு ஒப்பிடக் கூடாதுதான். ஆனாலும் முக்கால் மணி நேரம் கழித்தும் மகளின் அறையில் 100க்குக் கீழே இறங்கவில்லை என்றால் என்ன அர்த்தம்?

அந்தச் சிம்னி, எங்களுக்கு முன்னால் இந்த வீட்டில் இருந்தவர் வைத்துவிட்டுப் போனது. புகையை வெளியே கொண்டுபோகும் குழாய், அதாவது டக்ட், கிடையாது. புகையை ஒரு மெல்லிய கார்பன் ஃபில்டர் வழியாக இழுத்து, மேல் பக்கமாகத் திரும்பவும் சமையலறைக்குள்ளேயே விட்டுவிடும். எண்ணெய்ப் பிசுக்கில் கொஞ்சம் பிடிக்கும், வாசனையில் கொஞ்சம் பிடிக்கும். நீராவியையும் கார்பன் மோனாக்சைடையும் அது ஒன்றும் செய்யாது. கேஸ் எரியும்போது வரும் நைட்ரஜன் டை ஆக்சைடுதான் வீசிங் இருப்பவர்களுக்கு ஆகாதது. நல்லவேளையாக, எங்கள் மாடலில் கார்பன் ஃபில்டரைக் கழற்றிவிட்டு டக்ட் மாட்டிக்கொள்ள வழி இருந்தது. வெளிச்சுவரில் ஓட்டை மட்டும் வேண்டும்.

இங்கேதான் அசோசியேஷன் வருகிறது.

செகரட்டரி ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. அவரிடம் வாய்வார்த்தை செல்லாது. எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தேன். எலிவேஷன், அதாவது கட்டடத்தின் வெளித்தோற்றம், கெடும் என்று பதில் வந்தது. நான் கேட்டது தெருப் பக்கம் இல்லை சார், பாத்திரம் தேய்க்கும் யுடிலிட்டி பக்கம் என்றேன். சரி, மேல் வீட்டுக்காரருக்கு வாசனை போகுமே, அவரிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கி வாருங்கள் என்றார். மேல் வீட்டுச் சொந்தக்காரர் துபாயில் இருக்கிறார். குடியிருப்பவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வாடகைக்காரர் கையெழுத்து செல்லாது என்றார்கள். துபாய்க்கு வாட்ஸ்அப் அனுப்பி, அவர் ஈமெயில் போட்டு, அதைப் பிரின்ட் எடுத்துக் கொண்டுபோனால், கமிட்டிக் கூட்டம் போன ஞாயிறுதான் முடிந்தது, அடுத்த மாதம் வாங்க என்கிறார். "சார், குழந்தைக்கு மூச்சுத் திணறுது" என்றேன். "புரியுதும்மா, ஆனா இன்னைக்கு உங்களுக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்க" என்றார். எல்லாரும் கேட்டால்தான் என்ன என்று வாய்வரைக்கும் வந்தது.

இரண்டு விஷயங்கள் எனக்குக் கைகொடுத்தன. ஒன்று, யுடிலிட்டி பக்கச் சுவரை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன். அதில் ஏசி அவுட்டோர் யூனிட்டும், டிஷ் ஆன்டெனாவும், கீசர் குழாய்க்காகப் போட்ட ஓட்டைகளும் வரிசையாக இருந்தன. அவற்றில் ஒன்று செகரட்டரி வீட்டினுடையது. இரண்டு, டாக்டரிடம் கேட்டு லெட்டர்ஹெட்டில் ஒரு வரி வாங்கினேன். கமிட்டியில் இரண்டையும் மேஜை மேல் வைத்தேன், அதிகம் பேசவில்லை. ட்ரெஷரர் அக்காதான், "ஆறு இஞ்ச் தானே சார், மினிட்ஸ்ல எழுதிடலாம்" என்று முடித்து வைத்தார். அந்த மினிட்ஸ் நகலை வாங்காமல் அங்கிருந்து எழுந்திருக்காதீர்கள். கமிட்டி மாறினால் ஓட்டையை அடைக்கச் சொல்லுவார்கள்.

ஓட்டை போட உளி, சுத்தியல் ஆளைக் கூப்பிட வேண்டாம். தண்ணீர் விட்டு அறுக்கும் கோர் கட்டிங் மெஷின் ஆட்கள் இருக்கிறார்கள். வட்டமாக, சுத்தமாக வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். எங்களுக்கு வந்தவர் கூரையை ஒட்டி வெட்டலாம் என்றார். அங்கே பீம் ஓடுகிறது. பீமிலும் தூணிலும் கைவைக்கவே கூடாது, அதற்குக் கீழே செங்கல் சுவரில்தான் என்று குறுக்கே நின்றேன். வெளிப்பக்கம், உள்ளிருந்து காற்று தள்ளும்போது மட்டும் திறக்கும் மடிப்பு மூடி வைத்த ஒரு வாயையும் அவரே பொருத்தினார். சும்மா திறந்த குழாயாக விட்டால் புறா கூடு கட்டிவிடும்.

அடுத்து டக்ட் மாட்ட, கம்பெனியிலிருந்து டெக்னீஷியன். இலவச சர்வீஸ் என்று போனில் சொன்னார்கள். வந்தவர் டக்டுக்குத் தனி, கிளாம்புக்குத் தனி, டேப்புக்குத் தனி என்று பில் போட்டார். போகட்டும். சிம்னியிலிருந்து டக்ட் பரண் வழியாகப் போய் ஓட்டையைத் தொட வேண்டும். அரை மணியில் முடித்து, பரண் கதவைச் சாத்தி, ஆன் செய்து காட்டினார். சத்தம் நன்றாகவே கேட்டது. ஃபைவ் ஸ்டார் ரேட்டிங் கேட்டு வாங்கிக்கொண்டுதான் போனார்.

சில நாள் கழித்து யுடிலிட்டியில் துணி காயப்போடும்போதுதான் கவனித்தேன்: உள்ளே சிம்னி உறுமுகிறது, வெளியே அந்த மூடி அசையவே இல்லை. ஸ்டூல் போட்டுப் பரணைத் திறந்தால் குப்பென்று வெங்காயத் தாளிப்பு வாசனை முகத்தில் அடித்தது. டக்ட் ஓட்டைக்கு ஒரு முழம் முன்னாலேயே நின்றுவிட்டது. கொண்டுவந்த நீளம் போதவில்லை போல. வாயை அப்படியே பரணுக்குள் விட்டுவிட்டார். பக்கத்தில் இருந்த கொலு பொம்மைப் பெட்டியின் மேல் விரலை வைத்தால் பிசுபிசுவென்று மஞ்சளாக ஒட்டியது. உள்ளே செட்டியார் பொம்மைக்குச் சுற்றியிருந்த நியூஸ்பேப்பரெல்லாம் எண்ணெய்.

கம்ப்ளெயின்ட் கொடுத்தால் 'வேலை முடிந்தது' என்று டிக்கெட் மூடியிருக்கிறது. போட்டோ அனுப்பினேன், அசையாத மூடியின் வீடியோ அனுப்பினேன். வேறொரு டெக்னீஷியன் வந்தார், வயதானவர். பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டார். டக்டை முழுசாக இழுத்து நீட்டி, தேவையில்லாத ஒரு வளைவை எடுத்துவிட்டு மாட்டினார். "அக்கா, ஒவ்வொரு வளைவுக்கும் இழுவை குறையும். அப்புறம் சமைக்கிறப்ப ஹால் ஜன்னல் ஒண்ணைக் கொஞ்சம் திறந்து வைங்க. உள்ள காத்து வந்தாத்தானே இது வெளிய தள்ளும்" என்றார். இந்த ஒரு வாக்கியத்துக்கே ஐந்து ஸ்டார் கொடுக்கலாம்.

அன்று தம்பியின் மீட்டர் மறுபடி வந்தது. அதே மோர்மிளகாய். அடுப்படியில் 150ஐத் தொட்டுவிட்டு இறங்கியது. மகளின் அறையில் எண் அசையவே இல்லை. உங்கள் வீட்டிலும் டெக்னீஷியன் கிளம்புவதற்குள் வெளியே போய் நின்று மூடி திறக்கிறதா என்று பார்த்துவிட்டு ரேட்டிங் கொடுங்கள்.

ப்யூரிஃபையர் தேவையே இல்லையா என்றால், எங்களுக்கு வேண்டியிருந்தது. போகியன்று காலையில் ஜன்னலைத் திறக்க முடியாது. 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைமேடு பற்றி எரிந்தபோது இந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு அந்த நாற்றம் மறந்திருக்காது. கடைக்காரர் ஏழு கட்ட வடிகட்டல், அயனைசர், 500 சதுர அடி என்று அடுக்கினார். நான் கேட்டது சிஏடிஆர் (CADR) எவ்வளவு, அதாவது மணிக்கு எத்தனை கன மீட்டர் சுத்தக் காற்று தரும் என்று. எங்கள் அறை பத்துக்குப் பன்னிரண்டு அடி, உயரம் பத்து. கன மீட்டரில் சுமார் 34. மணிக்கு ஐந்து தடவை காற்று சுழல வேண்டுமென்றால் 170 வேண்டும். பெட்டியில் போட்டிருக்கும் சிஏடிஆர் அதிகபட்ச வேகத்துக்கானது, அந்தச் சத்தத்தில் யாரும் தூங்க முடியாது. அதனால் 300க்கு மேல் இருப்பதை வாங்கி நடு வேகத்தில் ஓட்டுகிறோம். மூச்சுக்கு ஆகாத ஓசோன் வரும் என்பதால் அயனைசரை அணைக்க முடிகிற மாடலா என்று பார்த்துக்கொண்டேன். நுண்துகளைப் பிடிக்கிற ஃபில்டருக்கு ஹெப்பா (HEPA) என்று பெயர்; 'ஹெப்பா மாதிரி' என்று எழுதியிருந்தால் அது ஹெப்பா இல்லை. ஃபில்டர் விலையையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். கார்பன் டை ஆக்சைடை எந்த ப்யூரிஃபையரும் குறைக்காது, ஜன்னல்தான் குறைக்கும். கடைக்காரர் ஸ்நேக் பிளான்ட் ஒன்றை இலவசமாகக் கொடுத்தார். அழகாக இருக்கிறது. செடியால் அறைக்காற்று சுத்தமாக ஒரு சதுர மீட்டருக்குக் குறைந்தது பத்துச் செடியாவது வேண்டும், ஆயிரம்கூட ஆகலாம் என்று 2019இல் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

மிச்சம் இருப்பது மகள் அறையின் ஈரச்சுவர். பெயின்டர் இரண்டு தடவை புட்டி வைத்து அடித்துவிட்டுப் போனார். மழைக்காலம் வருவதற்குள் அதே இடத்தில் கருப்புக் கருப்பாகப் பூத்துவிட்டது. ஈரம் வரும் வழியை அடைக்காமல் மேலே பூசுவது தண்டம். இப்போதைக்கு அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்து, பூஞ்சையை மாஸ்க் போட்டு ஈரத்துணியால் துடைத்தோம். உலர்ந்த பிரஷ்ஷால் தேய்த்தால் அறை முழுக்கப் பறக்கும். மேல் வீட்டு பாத்ரூமில் தண்ணீர் வெளியேறும் துளையை அடைத்து, கலர் தண்ணீர் கட்டி வைத்துப் பார்த்ததில் மறுநாள் எங்கள் சுவரில் நீலம் இறங்கியது. துபாய்க்காரருக்குப் போட்டோ போய்விட்டது. டைல்ஸ் இடுக்குக்கு எபாக்ஸி போட சனிக்கிழமை ஆள் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். வந்தால் சரி. வராவிட்டால் மறுபடி செகரட்டரியைத்தான் பார்க்க வேண்டும். லெட்டரை இப்போதே டைப் பண்ணி வைத்துவிட்டேன்.