ஒரு சதுர மைலில் 700 வகை வண்டுகள்

சிங்கப்பூர் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸின் பழைய புத்தகக் கடையில் போன மாதம் ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸின் ‘மலாய்த் தீவுக்கூட்டம்’ கிடைத்தது. 1869இல் வெளிவந்த நூலின் மறுபதிப்பு. அட்டை கிழிந்திருந்தாலும் பக்கங்கள் முழுசாக இருந்தன. எட்டு ஆண்டுகள் தீவு தீவாக அலைந்து, பூச்சிகளும் பறவைகளும் சேகரித்தவரின் பயணக் கதை. பாலியையும் லொம்போக்கையும் பிரிக்கும் குறுகிய கடலைத் தாண்டினால் பறவைகளே மாறிவிடுகின்றன என்று அவர் கண்டதைத்தான் எல்லோரும் பேசுவார்கள். என்னைப் பிடித்து நிறுத்தியதோ சிங்கப்பூரைப் பற்றிய சில பக்கங்கள்.

1854இல் இங்கே வந்திறங்கிய வாலஸ், புக்கிட் தீமாவில் ஒரு பிரெஞ்சுப் பாதிரியாரின் வீட்டில் தங்கினார். இரண்டே மாதங்களில் சுமார் 700 வகை வண்டுகளைச் சேகரித்தார். அவற்றில் நீண்ட உணர்கொம்பு உடையவை மட்டும் 130 வகை. ஏறக்குறைய எல்லாமே ஒரு சதுர மைலுக்கு மிகாத காட்டில் கிடைத்தவை. இத்தனை எப்படிக் கிடைத்தன என்பதையும் சொல்லிவிடுகிறார்: சீன மரவெட்டிகள் ஆண்டுக்கணக்கில் மரங்களைச் சாய்த்து வந்ததால், பட்ட மரமும் மட்கிய இலையும் மரத்தூளும் வண்டுகளுக்கு ஓயாமல் இரையாகக் கிடைத்தனவாம். அந்தத் தொழிலாளர்கள் பிடித்துத் தந்த பூச்சிகளுக்குத் தலைக்கு ஒரு சென்ட் கொடுத்திருக்கிறார். தன் கெட்டிக்காரத்தனம் என்று சொல்லிக்கொள்ளாமல் காரணத்தைப் பிட்டுவைக்கும் இந்த நேர்மைக்காகவே பழைய அறிவியல் நூல்களைத் தேடித் தேடி வாங்குகிறேன்.

ஒரு வரி மட்டும் உறுத்தியது. அன்றைய சிங்கப்பூரில் ‘கிளிங்’ என்று அழைக்கப்பட்டவர்களை இந்தியாவின் மேற்குப் பகுதியினர் என்று எழுதியிருக்கிறார். அந்தப் பெயரால் சுட்டப்பட்டவர்களில் பெரும்பாலோர் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த நம்மவர்கள். என் கொள்ளுத்தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர். ‘கிளிங்’ என்பது இன்று இழிசொல். வண்டின் கால்களைக்கூட எண்ணிப் பார்த்த மனிதர், கடைத்தெருவில் நின்றவரிடம் ஊர் எது என்று கேட்டிருக்கலாம். பென்சிலால் ஓரத்தில் ‘கிழக்கு’ என்று எழுதி வைத்தேன். அடுத்துப் படிப்பவருக்கு உதவும்.

ஞாயிற்றுக்கிழமை மகளோடு புக்கிட் தீமா காட்டுக்குப் போனேன். புலிகளைப் பிடிக்க வெட்டிய குழிகளைப் பற்றி வாலஸ் எழுதியிருப்பதை வழியில் சொன்னேன். பதினைந்து, இருபது அடி ஆழம். வாய் குறுகி அடி அகன்றவை. மேலே குச்சியும் இலையும் போட்டு மூடியிருப்பார்கள். சில முறை தானே விழப் பார்த்ததாகச் சொல்கிறார். முன்பெல்லாம் குழியின் நடுவே கூரான கழி நட்டிருப்பார்களாம். வழிப்போக்கர் ஒருவர் அதில் விழுந்து இறந்த பிறகுதான் அது தடைசெய்யப்பட்டது.

“அப்பா, அந்தக் குழியெல்லாம் மூடிவிட்டார்களா?” என்றாள். அதற்குப் பிறகு சருகு குவிந்த இடங்களைச் சுற்றிக்கொண்டே நடந்தாள்.

பாதையோரம் சாய்ந்து கிடந்த ஒரு மரத்தின் அருகே அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மூன்று வண்டுகள் வந்தன. ஒன்றின் உணர்கொம்புகள் அதன் உடலைவிட நீளமாக இருந்தன.