வழக்கைத் தவிர மற்ற எல்லாம்

பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தைக்கு விசாரணைக் காலம் முழுவதும் துணையாக இருக்க, குழந்தைகள் நலக் குழு ஒருவரை நியமிக்கலாம் என்று, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டத்தின் விதிகள் சொல்கின்றன. 2020 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த இவ்விதிகளின்படி அவர் ‘ஆதரவு நபர்’. தென் மாவட்டம் ஒன்றில் நான் செய்துவருவது இந்த வேலைதான். வழக்கு என் கைக்கு வந்ததும் பெற்றோர் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும்: “கோர்ட்டுல என்ன சொல்லணும்னு பிள்ளைக்கு நல்லாச் சொல்லிக் குடுத்துருங்க மேடம்.” அதை மட்டும் நான் செய்யவே கூடாது என்று அவர்களுக்குப் புரியவைப்பதிலேயே முதல் சந்திப்பு கழிந்துவிடும்.

குறுக்கு விசாரணையில் எதிர்தரப்பு வழக்கறிஞர் தவறாமல் கேட்பது, “இப்படிச் சொல்லும்படி உனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?” என்பது. அதற்குக் குழந்தை என்னைக் கைகாட்ட நேர்ந்தால், வழக்கு அங்கேயே ஆட்டம் கண்டுவிடும். ஆகவே நடந்த சம்பவத்தைப் பற்றி நானாக எதையும் கேட்பதில்லை. குழந்தையே பேசினால் கேட்டுக்கொள்வேன். தேதியை நினைவூட்டவோ முன்பின் முரணைத் திருத்தவோ மாட்டேன். இந்த வரம்பு தொடக்கத்தில் என்னைக் கையைக் கட்டிப்போட்டதுபோல் இருந்தது உண்மை. ஆனால் வழக்கை ஒதுக்கிவைத்த பிறகும் குழந்தையோடு பேச வேண்டியவை எவ்வளவு மிச்சம் இருக்கின்றன என்பது போகப்போகத்தான் தெரிந்தது.

முதலில் இடம். விசாரணை இல்லாத நேரமாகப் பார்த்து, நீதிமன்ற ஊழியரிடம் சொல்லி வைத்துக் குழந்தையை அழைத்துப் போவேன். நீதிபதி எங்கே அமர்வார், தட்டச்சு செய்பவர் ஏன் நிமிர்ந்தே பார்ப்பதில்லை, கறுப்பு அங்கி போட்டவர்களில் நமக்காகப் பேசுபவர் யார், தண்ணீர் எங்கே, கழிப்பறை எங்கே என்று ஒவ்வொன்றாகக் காட்டுவேன். கழிப்பறை சின்ன விஷயமாகத் தோன்றலாம். இரண்டு மணி நேரம் அடக்கிக்கொண்டு நிற்கும் ஒன்பது வயதுக் குழந்தை, வெளியே போனால் போதும் என்று எந்தக் கேள்விக்கும் ‘ஆமாம்’ என்று சொல்லிவிடும். அடிக்கடி இடைவேளை தர வேண்டும் என்று சட்டத்தின் 33ஆம் பிரிவிலேயே இருக்கிறது. கேட்டால் நீதிபதிகள் மறுப்பதில்லை. கேட்கலாம் என்பதுதான் குழந்தைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்ததாக, ‘தெரியாது’ என்று சொல்லப் பழக்குவது. என் வேலையில் மிகக் கடினமானது இதுவே. நம் பள்ளிகளில் ‘தெரியாது’ என்று சொல்லும் பிள்ளை திட்டு வாங்குகிறது. ஆசிரியர் அதே கேள்வியைத் திரும்பக் கேட்டால் முதலில் சொன்ன விடை தப்பு என்று புரிந்துகொண்டு வேறு விடையைத் தேடுகிறது. இந்தப் பழக்கத்தோடு சாட்சி சொல்ல வரும் குழந்தையிடம், வழக்கறிஞர் ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டால் மூன்று பதில்கள் வந்துவிடும். அதனால் வழக்கோடு தொடர்பே இல்லாத கேள்விகளை வைத்து விளையாடுவோம். “எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு என்ன பெயர்?” என்று கேட்பேன். பெரும்பாலான குழந்தைகள் யோசித்து ஏதோ ஒரு பெயரைச் சொல்லிவிட்டு, சரியா என்று என் முகத்தைப் பார்ப்பார்கள். ‘எனக்கு எப்படிக்கா தெரியும்?’ என்று கொஞ்சம் எரிச்சலோடு ஒரு குழந்தை திருப்பிக் கேட்டால், அன்றைக்கு மேற்கொண்டு எதுவும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சாட்சியம் பதிவாகும் நடையும் குழந்தைக்கு அந்நியமானது. “முன்விரோதத்தால் உன் அப்பா சொல்லி நீ பொய் சொல்கிறாய் என்றால் சரியா?” என்று கேட்பார்கள், மறுத்தால் ‘என்றால் சரியல்ல’ என்று தாளில் ஏறும். ஒரு வாக்கியத்துக்குள் முன்விரோதம், அப்பா, பொய் என்று மூன்று சங்கதிகள் இருக்க, எதற்கு இல்லை என்று சொல்வது? இரு தரப்பு வழக்கறிஞர்களும் கேள்விகளை நீதிபதியிடம்தான் தர வேண்டும், அவர்தான் குழந்தையிடம் கேட்க வேண்டும் என்று சட்டம் சொல்வதன் அருமை இங்கேதான் விளங்கும். அதைக் கறாராகப் பின்பற்றும் நீதிபதி ஒருவர், இப்படிப்பட்ட கேள்வியை வாங்கி, மூன்றாக உடைத்து, பேச்சுத் தமிழில் கேட்டதைப் பார்த்திருக்கிறேன். அவரே முன்னதாக, பொய் சொன்னால் என்ன ஆகும் என்று அந்தச் சிறுமியிடம் கேட்டபோது “சாமி கண்ணைக் குத்தும்” என்று பதில் வந்தது. அதைச் சிரிக்காமல் பதிவு செய்துகொண்டு விசாரணையைத் தொடங்கினார். பன்னிரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குச் சத்தியப் பிரமாணத்தின் தன்மை புரியாவிட்டாலும், உண்மை சொல்ல வேண்டும் என்பது புரிந்திருந்தால் போதும், பிரமாணம் இல்லாமலே சாட்சியம் பெறலாம்.

குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தையின் கண்ணில் படாமல் இருக்கத் திரையோ காணொலியோ பயன்படுத்த 36ஆம் பிரிவு வழி செய்கிறது. எளிதில் பாதிக்கப்படக்கூடிய சாட்சிகளுக்கென்று மாவட்டந்தோறும் தனி மையம் அமைய வேண்டும் என்று 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. குழந்தைகளோடு மாற்றுத்திறனாளிகளையும், அச்சுறுத்தலுக்கு ஆளான சாட்சிகளையும் அந்த வகைக்குள் சேர்த்தது. இவையெல்லாம் நல்ல ஏற்பாடுகள். ஆனால் திரை நீதிமன்றத்துக்குள் இருக்கிறது. அந்த ஆளின் அண்ணனும் இந்தக் குழந்தையும் ஊரிலிருந்து ஒரே டவுன் பஸ்ஸில்தான் வருகிறார்கள். எதிரே உள்ள டீக்கடையில் இரு குடும்பமும் நிற்கிறது. வாய்தாவுக்கு வாய்தா இது தொடர்கிறது. நீதிமன்றம் வழக்கைக் கையில் எடுத்த முப்பது நாட்களுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பது விதி. நான் பார்த்த வழக்குகள் பலவற்றில் குழந்தை அடுத்த வகுப்புக்குப் போய்விட்டிருக்கும்.

மிரட்டல் வெளிப்படையாக இருந்தால் செய்வதற்கு வழி உண்டு. 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்று நாடு முழுவதற்கும் பொருந்தச் செய்த சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தின்படி, மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் மனுக் கொடுக்கலாம். காவல்துறை அச்சுறுத்தலை ஆய்வு செய்து அறிக்கை தரும். ஆனால் நான் அதிகம் கண்ட மிரட்டல் மனுவில் எழுதும்படியாக இருப்பதில்லை. சொந்த அத்தை பழம் வாங்கிக்கொண்டு வருவார். “பொம்பளப் பிள்ளை, நாளைக்கு நல்லது கெட்டது பாக்க வேண்டாமா? அந்தக் குடும்பமும் நம்ம ஆளுகதானே?” என்பார். அவர் குரலில் பகையே இருக்காது. இதை எந்த அச்சுறுத்தல் வகையில் சேர்ப்பது? காவல் போட்டாலும் அத்தையை வாசலில் தடுத்து நிறுத்த முடியாது. நான் செய்யக்கூடியதெல்லாம், அவர் கிளம்பிய பிறகு தாயோடு உட்கார்ந்து, முடிவு அவர்களுடையது என்றாலும் இந்த வழக்கைச் சமரசம் பேசி முடிக்கச் சட்டத்தில் இடமில்லை என்பதைப் பொறுமையாகச் சொல்வதுதான்.

சில குழந்தைகள் அதற்குப் பிறகும், முன்பு சொன்னதை நீதிமன்றத்தில் மாற்றிச் சொல்லி, பிறழ்சாட்சி ஆகிவிடுகிறார்கள். அப்போது அரசு வழக்கறிஞரே அனுமதி பெற்றுத் தன் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வார். குழந்தைக்கு அந்த அறையில் யாரும் தன் பக்கம் இல்லை என்று தோன்றும் நேரம் அது. அப்போதும் நம்பிக்கைக்குரியவர் என்ற முறையில் நான் பக்கத்தில் உட்காரலாம், உட்காருகிறேன். வெளியே வந்ததும் ஏன் மாற்றிச் சொன்னாய் என்று கேட்பதில்லை. பள்ளி மாற்றுச் சான்றிதழும் மனநல ஆலோசனைக்கான தேதியும் நிலுவையில் இருக்கும். அவற்றைப் பற்றிப் பேசிக்கொண்டே பேருந்து நிலையம் வரை நடப்போம்.