ஓட்டல் கட்டடத்தில் தொடங்கிய கல்லூரி

1914 ஜூலையில் சென்னை மாகாண அரசு ‘மெட்ராஸ் காலேஜ் ஃபார் விமன்’ என்று ஒரு கல்லூரியைத் திறந்தபோது அதற்கென்று ஒரு கட்டடம்கூடக் கட்டியிருக்கவில்லை. கடற்கரைச் சாலையில் ஓட்டலாக இருந்த கேப்பர் இல்லத்தை எடுத்துக்கொண்டு, டோரதி டி லா ஹே அம்மையாரை முதல்வராக்கி, 37 மாணவிகளோடு வகுப்பு தொடங்கியது. சென்னை நகரின் முதல் பெண்கள் கல்லூரி அதுதான். 1917 இல் இராணி மேரி கல்லூரி என்று பெயர் மாறியது. இங்கே படித்து இன்று வெளிநாட்டில் இருக்கும் நாம் கூடுகிற விழா மேடைகளில் இந்த நான்கு வரியைச் சொல்லிவிட்டு நேரே புகழ்பெற்ற மாணவிகளின் பட்டியலுக்குத் தாவிவிடுவார்கள். இடையில் விட்டுப்போவதுதான் முக்கியம். இந்தக் கல்லூரியை நிலைநிறுத்தியவை இரண்டு: விடுதியும் இண்டர்மீடியட் வகுப்பும்.

ஓட்டலைப் பிடித்தது ஒரு வகையில் நல்லதாயிற்று. பள்ளிக்கூடக் கட்டடம் கிடைத்திருந்தால் வகுப்பறைதான் இருந்திருக்கும். ஓட்டலில் படுக்கும் அறை, சமையற்கட்டு, சாப்பாட்டுக்கூடம் எல்லாம் ஏற்கெனவே இருக்கும். அன்றைய மாகாணம் வடக்கே கஞ்சாம் முதல் தெற்கே திருநெல்வேலி வரை, மேற்கே மலபார் வரை பரந்து கிடந்தது. தலைச்சேரியிலிருந்தோ ராஜமுந்திரியிலிருந்தோ ஒரு பெண் படிக்க வந்தால் இரவில் எங்கே தங்குவாள், யார் சமைப்பார்கள், யார் பொறுப்பு என்று வீட்டார் கேட்பார்கள். பதில் சொல்ல முடியாத கல்லூரிக்கு மாணவி வரமாட்டாள். அடுத்தடுத்துக் கட்டடங்களும் எழுந்தன: 1915 இல் பெண்ட்லண்ட் இல்லம், 1918 இல் ஸ்டோன் இல்லம், 1921 இல் ஜெய்ப்பூர் இல்லம். பெண்ட்லண்ட், அன்றைய ஆளுநர். ஜெய்ப்பூர் என்றதும் ராஜஸ்தானை நினைக்க வேண்டாம். அது மாகாணத்தின் வடகோடியில், இன்றைய ஒடிசாவில் இருந்த சமஸ்தானம். கேப்பர் இல்லம் இப்போது இல்லை, அந்த இடத்தில் கலைஞர் மாளிகை நிற்கிறது.

பக்கத்திலேயே இன்னொரு விடுதி இருந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாகாணத்தின் முதல் இந்துப் பெண் பட்டதாரி என்று சொல்லப்படும் சகோதரி சுப்பலட்சுமி 1911 இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றவர், தாமே இளம் விதவை. அவர் நடத்திய விதவைப் பெண்களுக்கான இல்லம் பிறகு ஐஸ் ஹவுஸ் கட்டடத்துக்கு வந்தது. இன்று விவேகானந்தர் இல்லம் என்கிறோமே, அதே கட்டடம். கல்லூரிக்கு அங்கிருந்து நடந்தே வரலாம். மொட்டையடித்து மூலையில் உட்காரவைக்கப்பட்டிருந்த பெண்களுக்கு உண்ண உறைய ஓரிடமும், நடக்கும் தூரத்தில் ஒரு கல்லூரியும் ஒன்றாகக் கிடைத்தன. இரண்டில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் பயனில்லை.

இண்டர்மீடியட்டுக்கு வருவோம். பள்ளியிறுதிக்கும் பட்டத்துக்கும் நடுவில் இருந்த இரண்டாண்டுப் படிப்பு அது. பல்கலைக்கழகமே தேர்வு நடத்தும். மருத்துவம், பொறியியல், ஆனர்ஸ் என்ற சிறப்புப் பட்டம், எதற்குப் போவதானாலும் இந்த வாசலைத் தாண்டியாக வேண்டும். பெண்கள் கல்லூரி இல்லாத ஊரில் இதன் பொருள் என்ன என்பதற்கு முத்துலட்சுமி ரெட்டி ஒருவரே போதும். புதுக்கோட்டையில் ஆண்கள் கல்லூரியில் சேர மன்னர் உத்தரவு வேண்டியிருந்தது. வகுப்பில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து பாடம் கேட்டார். பிறகுதான் சென்னை மருத்துவக் கல்லூரி, 1912 இல் பட்டம். இரண்டே ஆண்டு கழித்து இராணி மேரி திறந்தது. அதற்குப் பின் வந்தவர்களுக்குத் திரை தேவைப்படவில்லை.

அந்த வாசல் வழியே போனவர்களைப் பாருங்கள். தலைச்சேரியில் பிறந்த ஈ. கே. ஜானகி அம்மாள் இங்கே படித்து, 1921 இல் மாநிலக் கல்லூரியில் தாவரவியல் ஆனர்ஸ் முடித்தார். பிறகு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931 இல் முனைவர் பட்டம், கோயம்புத்தூர் கரும்பு ஆய்வு, இங்கிலாந்தில் குரோமோசோம் ஆய்வு. லட்சுமி சேகல் இங்கிருந்து மருத்துவக் கல்லூரிக்குப் போய் 1938 இல் எம்.பி.பி.எஸ். பெற்றார். ஐந்தாண்டு கழித்து சிங்கப்பூரில், இந்திய தேசிய ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையின் தலைவி. ஏ. லலிதா 18 வயதில் கைக்குழந்தையோடு விதவையானவர். இங்கே இண்டர்மீடியட் முடித்து 1940 இல் கிண்டி பொறியியல் கல்லூரியில் சேர்ந்து நாட்டின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவரானார். லலிதாவின் தந்தை கிண்டியிலேயே பேராசிரியர், அது பெரிய துணை. ஆனாலும் இண்டர்மீடியட் தேறாமல் தந்தையாலும் அவரைச் சேர்த்திருக்க முடியாது. மூவருமே பெரிய பட்டத்தை வேறு கல்லூரிகளில் வாங்கியவர்கள். ‘நம் கல்லூரி உருவாக்கியது’ என்று மார்தட்டுவதை விட ‘நம் கல்லூரி அனுப்பிவைத்தது’ என்பதே சரியாக இருக்கும். என் கணக்கில் அதுதான் பெரிய வேலையும்கூட.

1915 இல் தொடங்கிய மகளிர் கிறித்தவக் கல்லூரியோடு ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். அது பல மிஷன் சங்கங்கள் கூடி நடத்தியது. முதல் முதல்வர் எலினார் மெக்டூகல், தொடக்கத்தில் 41 மாணவிகள். அங்கே நோக்கம் எழுத்தில் இருந்தது. நம்முடையது அரசுக் கல்லூரி, நோக்கமெல்லாம் அரசாணைக்குள் அடங்கிவிடும். ஆனால் ஆட்கள் இங்கும் அங்குமாகப் போய்வந்தார்கள். ஜானகி அம்மாளே படித்தது இங்கே, பாடம் நடத்தியது அங்கே.

பிறகு வாசல் இடம் மாறியது. 1950களின் பிற்பகுதியில் இண்டர்மீடியட் போய் பி.யூ.சி. என்ற ஓராண்டுப் புகுமுக வகுப்பு வந்தது. 1978 இல் பிளஸ் டூ வந்ததும் அந்த ஓராண்டும் பள்ளிக்கூடத்துக்குப் போயிற்று. டாக்டருக்கோ இன்ஜினியருக்கோ படிக்க ஆசைப்படுகிற பெண் அன்றோடு இந்தக் கல்லூரி வழியாக வருவது நின்றது. தரம் குறைந்துவிட்டது என்று நம்மில் மூத்தவர்கள் சொல்வது இதைக் கணக்கில் எடுக்காமல்தான். வருகிறவர்கள் மாறியிருக்கிறார்கள், தேவை குறையவில்லை. 1987 முதல் தன்னாட்சிக் கல்லூரி என்பதால் பாடத்திட்டமும் தேர்வும் கல்லூரியின் கையில், பட்டம் மட்டும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பெயரில். சேர்க்கைக்கு நான்கு பாடங்களின் கூட்டு, 400க்கு எத்தனை என்று பார்த்துத் தரவரிசை. தமிழ், ஆங்கில இலக்கியத்துக்கு மட்டும் அந்தந்த மொழிப்பாட மதிப்பெண். இடங்களில் 69 விழுக்காடு ஒதுக்கீடு.

இந்த மாணவிகளுக்கும் இடிக்கிற இடம் பழையபடி விடுதிதான். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்கு 2022 செப்டம்பர் முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வருகிறது. பேருந்துக்கும் புத்தகத்துக்கும் அது உதவும். மெஸ் பில்லுக்குப் போதாது. கல்லூரி விடுதிகளில் பெரும்பாலும் டிவைடிங் முறை. மாதம் முழுக்க ஆன செலவை, எல்லாரும் சாப்பிட்ட நாள்களின் கூட்டுத்தொகையால் வகுப்பார்கள். செலவு மூன்று லட்சம், சாப்பாட்டு நாள்கள் 3,000 என்று வைத்துக்கொண்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய். 25 நாள் சாப்பிட்டவளுக்கு 2,500. நியாயமான முறைதான், சிக்கல் பொங்கலும் தீபாவளியும் வரும் மாதங்களில். பாதிப் பேர் ஊருக்குப் போய்விட, சமையல்காரர் சம்பளம் மட்டும் குறையாமல் நிற்கும். மிச்சமிருக்கிறவர்கள் தலையில் நாள் கட்டணம் ஏறும். ஊருக்குப் போக வண்டிச்செலவுக்கு வழியில்லாமல் விடுதியிலேயே இருந்தவளே கூடுதலாகக் கட்டுகிறாள். ஊருக்குப் போகிறவளும் முன்கூட்டி எழுதிக் கொடுக்காவிட்டால் அவள் பெயரில் நாள் ஓடிக்கொண்டிருக்கும்.

கட்டடத்தைப் பற்றியும் ஒரு பேச்சு. பழைய செங்கல் முகப்புகளுக்கு வெள்ளையடிக்கப் பணம் தரலாமா என்று அவ்வப்போது சிலர் கேட்பதுண்டு. அக்காலச் சென்னைக் கட்டடங்களின் கூரை மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளின் மேல், ஆறங்குல நீளமும் ஓரங்குலக் கனமும் உள்ள சிறு செங்கற்களைக் குத்துவாட்டில், மூலைவாகாகச் சுண்ணாம்புக் காரையில் அடுக்குவார்கள். அதன்மேல் மூன்று நான்கு அங்குலத்துக்குச் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு நாள் கணக்கில் மரக்கட்டையால் அடித்து இறுக்கி, மேலே தட்டையான ஓடு பதிப்பார்கள். மழைநீர்க் குழாய் அடைத்து மொட்டைமாடியில் தண்ணீர் தேங்கினால் விரிசலில் அரசங்கன்று முளைக்கும். வேர் இறங்கியதும் ஒழுகும். ஒழுகுகிற இடத்தில் சிமெண்ட் பூசுவதுதான் எல்லாரும் செய்கிற தவறு. சிமெண்ட் இறுக்கமானது, சுண்ணாம்பு ஈரத்தை வாங்கி விடுவது. இரண்டும் ஒட்டாது, உள்ளே போன ஈரம் வெளியேறவும் வழியிருக்காது. சுவருக்குள் செருகிய தேக்கின் முனை முதலில் மக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. கடற்காற்றின் உப்பு வேறு சுவரில் பூத்து காரையைப் பொடியாக்கும். வெள்ளையடிப்பதால் இதில் எதுவும் தீராது. பருவமழைக்கு முன் மாடியைப் பெருக்கிக் குழாயைத் திறந்துவிட்டாலே பாதி வேலை முடிந்தது. 2003 இல் புதிய தலைமைச் செயலகத்துக்காக வளாகத்தையே எடுக்கும் திட்டம் வந்து, மாணவிகள் இரவுபகலாக வளாகத்திலேயே உட்கார்ந்து போராடியதால் அது கைவிடப்பட்டது. அப்படிக் காப்பாற்றிய இடத்தைக் குழாய் அடைப்பில் விடுவது அநியாயம்.

நாம் வெளிநாட்டிலிருந்து கல்லூரிக்குப் பணம் அனுப்புவதில்தான் குழப்பம் அதிகம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. குடியுரிமை மாறியவர், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும், சட்டப்படி வெளிநாட்டவர். அவர் பணத்தைச் சென்னையில் உள்ள முன்னாள் மாணவியர் சங்கம் வாங்க வேண்டுமானால் எஃப்.சி.ஆர்.ஏ. என்ற 2010 ஆம் ஆண்டு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு வேண்டும், அல்லது குறிப்பிட்ட தொகைக்கு முன்அனுமதி வேண்டும். பதிவு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியது. பணம் முதலில் இறங்க வேண்டியது டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் திறந்த கணக்கில். 2020 திருத்தத்துக்குப் பிறகு ஒரு சங்கம் வாங்கி இன்னொரு சங்கத்துக்கு மாற்றிவிடவும் முடியாது. எல்லார் பணத்தையும் இங்கே ஒரே கணக்கில் திரட்டி மொத்தமாக அனுப்புகிற நம் பழக்கம் இதனால்தான் மாட்டிக்கொள்கிறது. ஒரே அனுப்புதலில் இருவகைப் பணமும் கலந்துவிட்டால் அங்கே வாங்குகிறவருக்குத்தான் சிக்கல். பாஸ்போர்ட் வாரியாக இரண்டு பட்டியல் போடுங்கள். இந்தியக் குடியுரிமை உள்ளவர்கள் தத்தம் கணக்கிலிருந்து நேரே அனுப்பட்டும். மற்றவர்கள், அங்குள்ள சங்கத்துக்குப் பதிவு இருக்கிறதா, இந்த ஆண்டு செல்லுபடியாகிறதா என்று கேட்டு உறுதிசெய்த பிறகு அனுப்பலாம். எதற்கு என்ற இடத்தில் ‘கல்லூரி வளர்ச்சி’ என்று பொதுவாக எழுதாமல் ‘மெஸ் கட்டணம், முதலாண்டு மாணவியர்’ என்று எழுதிவிடுங்கள்.