ராகேல் என்னும் தாயாடு

விவிலியப் பெயர்களுக்குப் பொருள் சொல்லும் சிறு கையேடுகளிலும், ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்த வீடுகளின் கைப்பேசிகளில் சுற்றிவரும் பட்டியல்களிலும், ராகேல் என்ற பெயருக்கு நேராக "ஆட்டுக்குட்டி" என்றோ "சாந்தமானவள்" என்றோ போட்டிருப்பார்கள். இரண்டும் எனக்கு ஒப்பவில்லை. எபிரெய மொழியில் ராகேல் என்பது வளர்ந்து, குட்டி ஈனும் பருவத்திலுள்ள பெட்டைச் செம்மறியைக் குறிக்கும் சொல். குட்டிக்கு அந்த மொழியில் வேறு சொல் உண்டு. நாத்தான் தீர்க்கதரிசி தாவீதிடம் சொன்ன கதையில், ஏழை தன் மடியில் கிடத்தி வளர்த்த சின்ன ஆட்டுக்குட்டி "கிப்சா" என்றே வருகிறது. காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கத்துக் கொறங்காடு என்னும் வேலியிட்ட மேய்ச்சல் நிலங்களில் ஆடு வளர்க்கும் எவரிடமாவது குட்டியும் தாயாடும் ஒன்றுதானே என்று கேட்டால், கேட்டவரை ஏற இறங்கப் பார்ப்பார். குட்டியை வாங்குகிறவர் அதன் எடையைப் பார்க்கிறார். தாயாட்டை வாங்குகிறவரோ உதட்டை விலக்கிப் பல்லைப் பார்த்து, மடியைத் தடவிக் காம்பை அழுத்தி, எத்தனை ஈத்து ஆயிற்று, குட்டி ஒற்றையா இரட்டையா என்று விசாரித்த பிறகே விலை பேசுகிறார். ராகேல் என்ற பெயருக்குள் இருப்பது அந்த விசாரணை. அதைச் சாந்தம் என்று மொழிபெயர்த்துவிட்டால், அவள் கதையில் வரும் அத்தனை வலிக்கும் வேர் தெரியாமல் போய்விடும் என்பது என் எண்ணம்.

எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இதைச் சொன்னபோது, மூத்த அம்மா ஒருவர், "ஏனுங்க அம்மணி, பெத்தவங்க புள்ளைக்கு ஆட்டுப் பேரையா வெப்பாங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் ராகேலின் தகப்பன் லாபானின் வீடு முழுக்க முழுக்கக் கால்நடையை நம்பிய வீடு. மூத்தவள் லேயாளின் பெயருக்குக் களைத்தவள் என்று சிலரும், பசு என்று சிலரும் பொருள் காண்கிறார்கள். எனக்குப் பிந்தியதே பொருத்தமாகப் படுகிறது. பட்டியும் மந்தையுமாக வாழ்ந்த தகப்பன் தன் இரண்டு பெண்களுக்கும் தன் இருவகைச் செல்வத்தின் பெயரை வைத்திருக்கிறான். மாடு என்ற சொல்லுக்கே செல்வம் என்று பொருள் வைத்து, கல்வியைத் தவிர மற்றவை "மாடல்ல" என்று குறள் பாடிய மொழியில் பிறந்தவர்களுக்கு இது விநோதமாகத் தோன்ற வேண்டியதில்லை. (லாபான் என்றால் வெள்ளை. மயிலை, காரி, செவலை என்று நிறத்தை வைத்தே மாட்டை அழைக்கும் நம் ஊரில், அந்த வீட்டார் அந்நியர்களாகத் தெரியமாட்டார்கள்.)

ஆதியாகமம் 29-ஆம் அதிகாரத்தில் அவள் பெயர் முதன்முதலாகக் காதில் விழுவது ஆரான் ஊர் மேய்ப்பர்களின் வாயிலிருந்துதான். கிணற்றின் வாயைப் பெரிய கல் மூடியிருக்கிறது. மூன்று மந்தைகள் தண்ணீருக்காக மடங்கிக் கிடக்கின்றன. லாபானைத் தெரியுமா என்று, பின்னாளில் அவள் கணவனாகும் யாக்கோபு விசாரிக்கும்போது, அதோ அவன் மகள் ராகேல் ஆடுகளோடு வருகிறாள் என்கிறார்கள். பெயரும் மந்தையும் ஒரே வாக்கியத்தில் வந்துவிடுகின்றன. அவள் மேய்ப்புத்தொழில் செய்தவள் என்பதை வேதம் தனியாகவும் குறிப்பிடுகிறது. நம் பிரசங்கங்களிலோ அவள் "ரூபவதி" என்பதோடு நின்றுவிடுகிறாள்; வெயிலில் தகப்பன் மந்தையைத் தனியாக ஓட்டிவந்தவள் என்பதை யாரும் எடுத்துப் பேசுவதில்லை.

அதன் பிறகு, அக்காள் தங்கை இருவரும் யாக்கோபுக்கு மனைவிகளானபின், பெயருக்கும் வாழ்வுக்கும் இடையே விரிசல் விழுகிறது. லேயாள் ரூபன், சிமியோன், லேவி, யூதா என்று நான்கு ஆண்பிள்ளைகளைப் பெற்றுவிட, தாயாட்டின் பெயரைத் தாங்கியவள் மலடி என்ற பேச்சோடு நிற்கிறாள். "எனக்குப் பிள்ளைகொடும், இல்லாவிட்டால் நான் சாகிறேன்" என்று கணவனிடம் கேட்டது பொறாமையினால் என்று வேதமே சொல்கிறது. இருந்தாலும், ஒவ்வொரு முறை பெயர் சொல்லி அழைக்கப்படும்போதும் அந்தக் குறை அவளுக்கு நினைவூட்டப்பட்டிருக்கும் என்பதையும் சேர்த்தே நான் வாசிக்கிறேன். பின்னர், பிள்ளைப்பேறு தரும் என்று நம்பப்பட்ட தூதாயீம் கனிகளுக்காக அக்காளிடம் பேரம் பேசியதும், யோசேப்பு பிறந்தவுடனே இன்னொரு குமாரனும் வேண்டும் என்று கேட்கும் விதமாக அவனுக்குப் பெயரிட்டதும் அந்தக் குறையின் தொடர்ச்சிதான்.

இந்தப் பெயரின் முழுக் கனமும் தெரியும் இடம் 31-ஆம் அதிகாரம். யாக்கோபு சொல்லாமல் கொள்ளாமல் குடும்பத்தோடு புறப்பட்டுவிட, லாபான் 7 நாள் பயணமாகத் துரத்திவந்து கீலேயாத் மலையில் பிடிக்கிறான். வீட்டுத் தெய்வங்களின் சுரூபங்களைக் காணோம் என்று கூடாரம் கூடாரமாகத் தேடுகிறான். ராகேல் அவற்றை ஒட்டகச் சேணத்துக்குள் வைத்து, மேலே உட்கார்ந்துகொண்டு, மாதவிலக்கைக் காரணம் காட்டி எழுந்திருக்க மறுக்கிறாள். அவள் எடுத்தது தெரியாத யாக்கோபு, எவரிடத்தில் கண்டுபிடித்தாலும் அவர் உயிரோடிருக்கக் கூடாது என்று ஏற்கெனவே வாய்விட்டுவிட்டான். தேடியும் எதுவும் அகப்படாமல் போகவே, 20 ஆண்டுக் கோபத்தை மாமனார் மேல் கொட்டுகிறான். பகலில் வெயிலும் இரவில் குளிரும் தன்னை வாட்டியதைச் சொல்வதற்கு முன்பே, அவன் முதலாவதாகச் சொல்லும் கணக்கு இது: "உம்முடைய செம்மறியாடுகளும் வெள்ளாடுகளும் சினையழியவில்லை." மூலத்தில் செம்மறியாடுகள் என்ற இடத்தில் இருப்பது ராகேல் என்ற சொல்லின் பன்மை. ஆக, ராகேலின் தகப்பனைப் பார்த்து, ராகேலின் கணவன், உம்முடைய ராகேல்கள் எவையும் கருவிழக்கவில்லை என்கிறான். ஆண்டுக்கணக்கில் கருத்தரிக்காமல் தவித்தவள் அந்த முகாமிலேயே இருக்கிறாள். எடுத்தது அவள் என்று அறியாமல் அவன் இட்ட சாபம் அப்போதுதான் அவள் தலைமேல் விழுந்திருக்கிறது.

சினையழியச் செய்யும் கன்று வீச்சு நோய் ஒருமுறை புகுந்த பட்டியைப் பார்த்தவர்களுக்கு, யாக்கோபின் பெருமை எவ்வளவு பெரியது என்பது விளங்கும். சினையாட்டை மேட்டில் விரட்டாமல், மற்ற ஆடுகள் முட்டாமல், காலத்தில் தண்ணீர் காட்டிப் பார்த்துக்கொண்ட மேய்ப்பன்தான் அப்படி மார்தட்ட முடியும். அது பொதுவான ஆட்டுச் சொல்தானே, அதில் இவ்வளவு தேட வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: எபிரெய வேதம் முழுவதிலும் அந்தச் சொல் பெயராக அல்லாமல் ஆட்டைக் குறித்து வருவது நான்கே இடங்களில். அத்தனை அரிதான சொல் அவளுடைய கதைக்குள்ளேயே இரண்டு முறை வருவதைத் தற்செயல் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை.

இரண்டாவது இடம் அடுத்த அதிகாரத்திலேயே வருகிறது. அண்ணன் ஏசாவைச் சமாதானப்படுத்த யாக்கோபு முன்னே அனுப்பும் வெகுமதியில் 200 பெட்டைச் செம்மறிகளும் 20 கடாக்களும் இருக்கின்றன. இருநூறு ராகேல்கள் முன்னே போகின்றன. 33-ஆம் அதிகாரத்தில் குடும்பத்தை வரிசைப்படுத்தும்போது ஒரே ஒரு ராகேலை மட்டும் அவன் யோசேப்போடு கடைசியில், ஆபத்துக்கு எட்டாத தூரத்தில் நிறுத்துகிறான். லேயாளின் பிள்ளைகள் அந்த வரிசையை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்பது வேறு கதை.

மூன்றாவது இடம் உன்னதப்பாட்டு 6-ஆம் அதிகாரம். காதலியின் பற்கள், குளித்துக் கரையேறும், இரட்டைக்குட்டி ஈன்ற ஆடுகளுக்கு ஒப்பிடப்படுகின்றன. சந்தையில் ஆட்டின் பல்லைப் பார்த்தே பழகிய நமக்கு அது சிரிப்பை வரவழைக்கலாம். நான்காவது ஏசாயா 53: அடிக்கக் கொண்டுபோகப்படும் ஆட்டுக்குட்டி முதலில் வருகிறது, மயிர் கத்தரிப்பவனுக்கு முன் சத்தமிடாத ஆடு அடுத்து வருகிறது, அந்த இரண்டாவது ஆடுதான் ராகேல். பெரிய வெள்ளியன்று இரண்டையும் ஒன்றாக்கி வாசித்துவிடுகிறோம். எங்கள் பக்கத்தில் குறும்பாடு வைத்திருந்தவர்கள் மயிர் கத்தரிப்பதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். ஆட்டைச் சாய்த்து, கால்களைச் சேர்த்துக் கட்டி, வயிற்றுப் பக்கமிருந்து கத்தரியை ஓட்டுவார்கள். வெள்ளாடாக இருந்தால் ஊரைக் கூட்டியிருக்கும், செம்மறியோ கண்ணை விழித்தபடி கிடக்கும். கறிக்குப் போவது பெரும்பாலும் கிடாய். குட்டிக்காகவும் மயிருக்காகவும் பட்டியில் நிறுத்தப்படுவது பெட்டை. தீர்க்கதரிசிக்கு இந்த வேறுபாடு தெரிந்திருக்கிறது.

ராகேலின் முடிவைச் சுருக்கமாகவே சொல்லலாம். எப்பிராத்தாவுக்குப் போகும் வழியில் இரண்டாவது பிள்ளையைப் பெற்றுவிட்டு இறந்துபோகிறாள். போகும் உயிரோடு அவள் வைத்த பெயர் பெனொனி, என் துக்கத்தின் மகன். தகப்பன் அதைப் பென்யமீன் என்று மாற்றிவிட்டான். கேட்டபடி இன்னொரு குமாரன் கிடைத்தான், கேட்டவள் போய்விட்டாள்.

ஆனால் பெயரின் கணக்கு அங்கே முடியவில்லை. பல நூற்றாண்டுகள் கழித்து, எருசலேம் விழுந்து, சிறைப்பட்டவர்கள் பாபிலோனுக்கு ஓட்டிச்செல்லப்படும் முன் ராமாவில் விலங்கிட்டுச் சேர்க்கப்பட்டார்கள். எரேமியாவும் அங்கே சங்கிலியோடு இருந்ததை அவன் புத்தகத்தின் 40-ஆம் அதிகாரம் சொல்கிறது. அந்த எரேமியாவின் வாக்கில்தான் ராமாவிலே ராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுகிறாள், ஆறுதல் அடையாமலிருக்கிறாள். இரண்டே பிள்ளைகளைப் பெற்றவளுக்கு ஒரு தேசத்துப் பிள்ளைகள் எல்லாரும் பிள்ளைகளாகிவிடுகிறார்கள். மொத்தம் ஆறு மகன்களைப் பெற்ற லேயாளுக்கு அந்த இடம் தரப்படவில்லை. குட்டியைக் காணாமல் பட்டியைச் சுற்றிச் சுற்றிக் கத்தும் தாயாட்டின் குரலைக் கேட்டவர்களுக்கு, தீர்க்கதரிசி இவளை ஏன் அழைத்தான் என்று விளக்க வேண்டியதில்லை. பெத்லகேமில் ஏரோது குழந்தைகளைக் கொன்றபோது மத்தேயுவும் இதே வாக்கைத்தான் எடுத்தாள்கிறார்.

எங்கள் பக்கத்துத் திருமணங்களில் ஆயர்கள் ரூத் 4-ஆம் அதிகாரத்து வாழ்த்தைச் சொல்வதுண்டு: வீட்டுக்கு வரும் பெண் இஸ்ரவேல் வீட்டைக் கட்டுவித்த ராகேலையும் லேயாளையும் போல் இருப்பாளாக. அதைச் சொன்னவர்கள் பெத்லகேம் ஊரார். யூதாவின் வம்சம், அதாவது லேயாளின் வயிற்றுப் பிள்ளைகள். அவர்களும் ராகேலின் பெயரைத்தான் முதலில் சொன்னார்கள்.